நான்கு லட்சத்து எண்பதாயிரம் புள்ளிகள்

அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, டிராயிங் சார், பிரஸ் ஷாப் மேஸ்திரி, சென்னையிலிருந்து கார்டுகளை எடுத்து வந்த கம்ப்யூட்டர் கடைக்காரர், ஐந்தாவதாக நான். ஆறாவது ஆள் கிடையாது. இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஆகிவிட்டார்கள். வாட்ச்மேன்கூட, தான்தான் கதவைத் திறந்துவிட்டதாகச் சொன்னார். அந்த அறைக்கு அப்போது கதவே கிடையாது. தூசி வராமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் திரைதான் தொங்கும்.

வருஷம் 1991. பெங்களூர் ரோட்டில், சுங்குவார்சத்திரம் வருவதற்கு முன்பே உள்ளே திரும்புகிற மண்பாதையில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் முப்பது பேர் வேலை செய்கிற ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். தகட்டில் ஓட்டை போடவும் வெட்டவும் இரும்பு அச்சுகள் செய்வோம். டிராயிங் சார் படம் போடுவார், மேஸ்திரி அதைப் பார்த்து இரும்பில் செய்வார். நான் ஸ்டோர்ஸ். ஒன்பதாவது பாதியிலேயே படிப்பை விட்டவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு வீட்டுக்கு வந்த ஒரே மாதச் சம்பளம் என்னுடைய எழுநூறு ரூபாய். அதனாலோ என்னவோ, எதையும் கவலைப்பட்டுக்கொண்டேதான் செய்வேன். போல்ட் வாங்கியவர் போன பிறகு, கொடுத்தது சரிதானா என்று டப்பாவில் மிச்சத்தை எண்ணுவேன். ஸ்டோர்ஸைப் பூட்டிவிட்டு ஒரகடம் ரோடு வரைக்கும் சைக்கிளில் போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. மேஸ்திரி எனக்கு வைத்த பேர் 'டென்ஷன் டிபார்ட்மெண்ட்'.

கம்ப்யூட்டர் ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. அதன் திரையில் எல்லாமே ஆரஞ்சு நிறம். கோடும் ஆரஞ்சு, எழுத்தும் ஆரஞ்சு. எங்களுக்கு வேலை கொடுக்கிற அம்பத்தூர் கம்பெனிக்காரர்கள், இனிமேல் படங்களைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும், ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் கலர் திரை வேண்டும். கலர் திரைக்குள் படம் போக, கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு கார்டு வேண்டும். அந்தக் கார்டில் சின்னது, பெரியது என்று இரண்டு வகை இருக்கிறது என்று கடையில் சொன்னார்கள்.

எங்கள் முதலாளி எதையும் பேப்பரில் பார்த்து வாங்குகிறவர் இல்லை. டிரில் பிட் வாங்கினாலும் இரண்டு கம்பெனி பிட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒரே இரும்பில் ஓட்டிப் பார்த்து, எது முதலில் மழுங்குகிறதோ அதைத் திருப்பி அனுப்புவார். கார்டுக்கும் அதே சட்டம்தான்.

"ரெண்டையும் கொண்டாந்துடு. எங்க படத்தைப் போட்டு ஓட்டிப் பாக்கறேன். ஒண்ணை வெச்சிக்கறேன், ஒண்ணை நீ எடுத்துக்கினு போ," என்று போனில் சொன்னார்.

கடைக்காரர் காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும். பூந்தமல்லியிலிருந்து நின்றுகொண்டே வந்தாராம். கலர் திரை அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள, உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைக் கெஞ்சினாராம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் பஸ் ஒரு குதி குதித்தபோது தன் உயிர் போய் உயிர் வந்தது என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. என்னை மாதிரியே இன்னொருவர்.

"மேடம், இதுல ஒரு கையெழுத்து," என்று சலானை நீட்டினார்.

அதுவரைக்கும் என்னை யாரும் மேடம் என்றதில்லை.

"மேடமாமே!" என்றார் மேஸ்திரி. "மேடம், அந்த பதினேழு நம்பர் ஸ்பானரை எட்துக் குடுங்க மேடம்."

அந்தச் சிரிப்பில் நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் படித்தேன். 'கீழ்க்கண்ட இரண்டும் நல்ல நிலையில் பெறப்பட்டன. திருப்பித் தரும்வரை பொறுப்பு கையொப்பமிட்டவருடையது.' கீழே இரண்டு வரி. சின்ன கார்டு 3,800 ரூபாய். பெரிய கார்டு 9,200 ரூபாய். என்னுடைய பதின்மூன்று மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒரு நூறு. சலானை இன்னொரு தரம் படித்தேன்.

அவர் இரண்டு கார்டுகளையும் மேஜைமேல் வைத்தார். நான் அவற்றைப் பார்த்ததும் கவலையைக்கூட ஒரு நிமிஷம் மறந்தேன். பச்சை நிறத்தில் ஒரு அட்டை. அதன்மேல் கறுப்புக் கறுப்பாகப் பூச்சி மாதிரி சில்லுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வெள்ளிக் கால்கள். நடுவில் ஊரின் வரைபடம் போல நூலிழைக் கோடுகள், ஒன்றை ஒன்று தொடாமல் வளைந்து வளைந்து ஓடின. கீழ் ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு பல் வரிசை. சின்ன கார்டில் அந்த வரிசை ஒன்று. பெரிய கார்டில் ஒன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு இன்னொன்று.

"அப்பளம் கணக்கா கீது," என்றார் மேஸ்திரி. "இதுக்கா ஒம்போதாயிரம்? நம்ம பிரஸ்ஸுல வெச்சி ஒரு அமுக்கு அமுக்குனா ஒம்போது பைசா தேறாது."

"அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க. அவரு வெளக்கம் சொல்லுதாருல்லா," என்றார் டிராயிங் சார். அவர் திருநெல்வேலிக்காரர்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பித்தான் விளக்கினார். முதலாளி ஃபோனில் இருந்தார், மேஸ்திரி கேட்கிற மாதிரி இல்லை, டிராயிங் சாருக்கு ஏற்கெனவே தெரியும். மிச்சம் நான்தான்.

"மேடம், திரையில தெரியறது எல்லாம் புள்ளிதான். கோடும் புள்ளி, எழுத்தும் புள்ளி. எந்தப் புள்ளி இன்னா கலர்னு எங்கியாவது வெச்சிருக்கணும் இல்ல? இந்தக் கறுப்பு சில்லுங்களுக்கு உள்ளதான் வெச்சிருக்கும்."

"அப்ப ஸ்டோர்ஸ் மாதிரியா சார்? புள்ளிக்கு ஒரு டப்பா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதே தான் மேடம். புள்ளிக்கு ஒரு டப்பா."

சின்ன கார்டில் குறுக்கே அறுநூற்று நாற்பது புள்ளி, நெடுக்கே நானூற்று எண்பது. பெரியதில் குறுக்கே எண்ணூறு, நெடுக்கே அறுநூறு. நான், சாமான் கேட்டு எழுதிக் கொடுக்கிற இண்டெண்ட் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பெருக்கினேன். பெருக்கல் மட்டும் எனக்குப் பள்ளிக்கூடம் விட்டும் மறக்கவில்லை. சின்னது மூன்று லட்சத்து ஏழாயிரத்து இருநூறு புள்ளி. பெரியது நான்கு லட்சத்து எண்பதாயிரம். பிறகு டப்பாக் கணக்கு கேட்டேன். சின்ன கார்டில் இருநூற்று ஐம்பத்தாறு கே. கே என்றால் ஆயிரம் இல்லையாம், ஆயிரத்து இருபத்து நான்காம். பெருக்கினால் இரண்டு லட்சத்து அறுபத்து இரண்டாயிரத்து நூற்று நாற்பத்து நான்கு டப்பா.

"சார், டப்பா பத்தலியே," என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். "புள்ளி மூணு லட்சத்துக்கு மேல கீது. டப்பா ரெண்டரை லட்சம் சொச்சம்தான்."

கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "எங்க கடையில ஒரு வருஷம் வேலை செய்யறவனுக்கு இந்தக் கேள்வி வந்ததில்ல மேடம். சின்னதுல பதினாறு கலர்தான். அதனால ஒரு டப்பால ரெண்டு புள்ளியைப் போட்டுக்கலாம். பெரிய கார்டுல இருநூத்தி அம்பத்தாறு கலர். புள்ளிக்கு முழுசா ஒரு டப்பா வேணும். அதுல பத்து லட்சத்துக்கு மேல டப்பா கீது."

பாதிக்கு மேல் காலியாக இருக்கும் என்று கணக்கு வந்தது. என் ஸ்டோர்ஸில் ஒரு ரேக்கூடக் காலி கிடையாது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதற்கப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் என்னை அப்படியே நிற்க வைத்தது. திரையில் படம் அணையாமல் இருக்க வேண்டுமானால், கார்டு ஒரு டப்பா விடாமல் எல்லா டப்பாவையும் ஒரு நொடிக்கு அறுபது தரம் திறந்து பார்க்க வேண்டுமாம். நான் வருஷத்துக்கு இரண்டு தரம் ஸ்டாக் எடுப்பேன். எண்ணூறு டப்பாவுக்கு நான்கு நாள் ஆகும். அதிலும் கடைசியில் கணக்கு இடிக்கும். இந்த அப்பளம் நான்கு லட்சத்து எண்பதாயிரம் டப்பாவை, நான் கண் மூடித் திறப்பதற்குள் பல தரம் ஸ்டாக் எடுக்கிறது. ஒன்றுகூடத் தவறாமல். நான் அந்தக் கறுப்புச் சில்லுகளைப் பார்த்தேன். அவற்றின் பக்கம் மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

முதலில் சின்ன கார்டைப் போட்டார்கள். திரையில் நிறம் வந்தபோது முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். திங்கட்கிழமை செய்யத் தொடங்க இருந்த ஒரு அச்சின் படம் அது. ஒரு தகட்டில் நிறைய ஓட்டைகள். சிவப்பில் ஓட்டை, பச்சையில் வெளிக்கோடு, மஞ்சளில் அளவுகள். முழுப் படமும் வந்து நிற்க எத்தனை நேரம் ஆகிறது என்று முதலாளி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். நாற்பத்தொரு நொடி.

"கலர் நல்லாத்தான் கீது," என்றார் முதலாளி.

மேஸ்திரி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஓட்டைகளை எண்ணினார். "அறுவத்தி மூணு."

"அறுவத்தி நாலு அண்ணாச்சி. நாந்தான போட்டேன்."

"நீ போட்டது இன்னாவோ, இங்க கீறது அறுவத்தி மூணு."

"எண்ணத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்."

"முப்பது வருசமா ஓட்டை போட்டுக்கினு கீறேன், எனக்கு எண்ணத் தெரியாதா? உன் பொட்டிக்குத்தான் தெரில!"

முதலாளி இருவரையும் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டு, தானும் எழுந்து போனார். பெரிய கார்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம் என்று கடைக்காரர் அதை அதன் கவரின் மேல் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். அறையில் நான் மட்டும். நான் சாப்பிடப் போகவில்லை. ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாயைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் அதற்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு பிரஸ் மெஷினை அவசரத்தில் அப்படியே ஓட்டி, அன்றைக்கே பெல்ட் அறுந்து மேஸ்திரியின் காதை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதிலிருந்து லேத், கிரைண்டர், டெலிபோன் வரைக்கும் பொட்டு இல்லாமல் உயிர் பெற்றது கிடையாது. பொட்டு வைப்பது என் பொறுப்பு. சந்தனக் கிண்ணம் ஸ்டோர்ஸில்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர் பெட்டிக்கு அது வந்த அன்றே வைத்தாகிவிட்டது. ஆனால் இந்தக் கார்டு இன்றுதானே வந்திருக்கிறது? காலையில் சின்ன கார்டு பொட்டில்லாமலே ஓடிவிட்டதை நினைத்து எனக்கு ஏற்கெனவே உள்ளுக்குள் உதறல். இதுவும் பொட்டில்லாமல் ஓடி, ஏதாவது ஆகிவிட்டால்? கையெழுத்து என்னுடையது. திருப்பித் தரப்போகிற பொருளுக்குப் பொட்டு வைக்கலாமா, வைத்தால் அது நம்முடையது ஆகிவிடுமா என்றும் ஒரு யோசனை. கடைசியில் கிண்ணத்தை எடுத்து வந்தேன்.

எங்கே வைப்பது? கறுப்புச் சில்லுகள் டப்பாக்கள். அவற்றில் விரல் பட்டாலே நான்கு லட்சத்து எண்பதாயிரமும் கலைந்துவிடும் என்று பட்டது. வெள்ளிக் கால்களும் வேண்டாம். பின்பக்கம் திருப்பினேன். யாரும் எனக்கு எதுவும் விளக்காத இடம் ஒன்றுதான் மிச்சம். அந்தத் தங்கப் பல் வரிசை. நகை மாதிரி இருந்தது. ஏதோ அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நீண்ட வரிசையில் இரண்டு, குட்டை வரிசையில் ஒன்று, மொத்தம் மூன்று பொட்டு, மிளகு அளவுக்கு. சந்தனமும் தங்க நிறமும் ஒன்றாகவே இருந்தன. குங்குமம் எடுக்கவும் கை போனது. சிவப்பாகத் தெரிந்தால் கடைக்காரர் திட்டுவாரோ என்று பயந்து விட்டுவிட்டேன். குங்குமம் வைத்திருந்தால் அவர் பார்த்திருப்பார். பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

மூன்று மணிக்குக் கரண்ட் போய்விடும் என்பதால் எல்லோரும் அவசரமாக வந்தார்கள். கடைக்காரர் கார்டை எடுத்து, இடம் பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். சுவிட்சைப் போட்டார்.

திரை கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீளமான கூவல், பிறகு இரண்டு குட்டைக் கூவல்.

"இன்னா, குயில் கத்துது?" என்றார் மேஸ்திரி.

கடைக்காரர் கழற்றி மறுபடி மாட்டினார். அதே கூவல். சின்ன கார்டை அந்த இடத்திலேயே மாட்டிப் பார்த்தார். அதுவும் கூவியது. அவர் முகம் வெளுத்துப்போனது. "ரெண்டும் எப்படி சார்?" என்று டிராயிங் சாரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

"செத்த கார்டைக் கொண்டாந்து என் பொட்டியையும் சாவடிச்சிட்டியா?" என்று முதலாளி எழுந்துவிட்டார்.

"சார், காலைல கடையில போட்டுப் பாத்துட்டுத்தான் சார் எடுத்தாந்தேன். சத்தியமா! மேடம்கூட நல்ல நிலைல வாங்கிக்கினதா கையெழுத்து போட்டிருக்காங்க." அவர் சலானை எடுத்தார். "எங்க ஓனர் என் சம்பளத்துல புடிச்சிடுவாரு சார்."

சலானில் என் கையெழுத்து. பள்ளிக்கூடத்துப் பிள்ளை போட்ட மாதிரி முழுப் பெயரும் எழுதியிருந்தேன். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டாலும் அந்தச் சலான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது முதலாளி சொன்னார்: "பெரிசும் வாணாம் ஒண்ணும் வாணாம். மூட்டை கட்டு."

கடைக்காரர் கலர் திரையின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வேலை, சம்பளம், அம்மாவின் மாத்திரை எல்லாமே மனதில் ஓடின. ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று நின்றது. என் கையில் அந்த இண்டெண்ட் சீட்டு இருந்தது. அந்த நான்கு லட்சத்து எண்பதாயிரத்தைக் காகிதத்தில் பெருக்கியதோடு சரி, கண்ணால் பார்க்காமலே போய்விடப் போகிறேன். அந்தக் கவலை மற்ற கவலைகளை ஓரம் தள்ளிவிட்டது.

"சார், நான் அதுக்குப் பொட்டு வெச்சேன்," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை.

"எங்கம்மா வெச்ச?" என்றார் டிராயிங் சார்.

"அந்தத் தங்கப் பல்லுல. பின்னால. மூணு."

கடைக்காரர் கார்டைத் திருப்பினார். பொட்டு பொட்டாக இல்லை. அழுத்தி மாட்டியதில் பல்லெல்லாம் மஞ்சளாக இழுவிக்கிடந்தது. அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு கம்ப்யூட்டருக்குள் குனிந்து, கார்டு மாட்டுகிற பள்ளத்தையும் முகர்ந்தார்.

"மேடம்," என்றார் அழுகிற குரலில், "அதான் மேடம் கதவே. உங்க ஸ்டோர்ஸுக்கு ஒரு ஜன்னல் கீதுல்ல, சாமான் குடுக்கறது? இந்தப் பல்லு ஒவ்வொண்ணும் அந்த மாதிரி ஒரு ஜன்னல். கம்ப்யூட்டர்ல இருந்து இந்த வழியாத்தான் புள்ளி உள்ள வருது. சின்னதுல ஒரே நேரத்துல எட்டு கை. பெரிசுல பதினாறு கை, அதுக்குத்தான் ரெண்டாவது வரிசை. நீங்க ஜன்னலைப் பூசி மெழுகிட்டீங்க."

மேஸ்திரி சிரித்த சிரிப்பில் பிளாஸ்டிக் திரை ஆடியது. "டென்ஷன் டிபார்ட்மெண்ட்டு ஜன்னலையே சாத்திடுச்சிப்பா! இருங்க, ஏர் பைப்பை எட்தாறேன், ஒரே அடில ஊதி வுட்ருவோம்."

"ஐயோ, வாணாம் சார்! காத்தோட தண்ணியும் வரும் சார் அதுல!" என்று கடைக்காரர் பதறினார்.

"இவ்வளவு நேரமும் சொல்லாம நின்னியாக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு டிராயிங் சார் தன் மேஜைக்குப் போனார். பென்சில் ரப்பர் ஒன்றைக் கொண்டுவந்து, கார்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாக அழிக்க ஆரம்பித்தார். தப்பாகப் போட்ட கோட்டை அழிக்கிற அதே பொறுமை. கடைக்காரர் டிரேசிங் பேப்பரை மடித்து, ஸ்பிரிட்டில் தொட்டு, பள்ளத்துக்குள் விட்டு விட்டு எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பேப்பரைக் கிழித்துக் கொடுத்தேன். முதல் பேப்பர் நல்ல மஞ்சள். நான்காவது வெளிர் மஞ்சள். ஒன்பதாவது வெள்ளை. முதலாளி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு நாற்பதுக்குச் சுவிட்சைப் போட்டார்கள். ஒரே ஒரு குட்டைச் சத்தம். திரை விழித்துக்கொண்டது.

அதே படம்தான். ஆனால் காலையில் கோடுகளுக்குத் தடிமன் இருந்தது. சாய்ந்து போகிற கோடு படிக்கட்டு மாதிரி இறங்கியது. இப்போது அது கொஞ்சம் தூரத்திலிருந்து பார்த்தால் இழுத்துக் கட்டிய நூல். காலையில் கறையாகத் தெரிந்த எண்களைப் படிக்க முடிந்தது. வட்டங்கள் வட்டமாக இருந்தன. படம் முழுவதும் வந்து நின்றதும் முதலாளி சொன்னார், "பதினாறு."

நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் பதினாறு என்று எழுதினேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மேஸ்திரி திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எண்ணினார். ஒவ்வொரு ஓட்டைக்கும் உதடு அசைந்தது. முடிந்ததும் அவர் சிரிக்கவில்லை.

"அறுவத்தி நாலு," என்றார்.

"நாந்தான் சொன்னேனே!"

"நீ சொன்னது சரிதான்பா. ஆனா இங்க பாரு. இந்த மூலைல ரெண்டு ஓட்டை. காலைல ஒட்டிக்கினு ஒண்ணாத் தெரிஞ்சிது, அதான் அறுவத்தி மூணு. ரெண்டுக்கும் நடுவுல சுவரே இல்லியே. பேப்பர் கணக்கா கீது. இதை இரும்புல போட்டா மொத அடிலயே பிச்சிக்கும்."

டிராயிங் சார் குனிந்தார். அளவைத் தட்டிப் பார்த்தார். அவர் கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது எனக்குத் தெரிந்தது. "பெரிசாக்கிப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்," என்றார் மெதுவாக.

"பாத்தியா நீ?"

டிராயிங் சார் அளவை இன்னொரு தரம் தட்டினார். திங்கட்கிழமை வெட்ட இருந்த இரும்பு வெளியே ஷெட்டில்தான் கிடந்தது. அதன் விலை இந்தக் கார்டை விட அதிகம் என்பது ஸ்டோர்ஸில் இருக்கிற எனக்குத் தெரியும். மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெட்டியை அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறார். அந்த நிமிஷம் மட்டும், திரையின் ஓரத்தை விரலால் லேசாகத் தட்டினார், நல்ல வேலை செய்த ஆளை முதுகில் தட்டுகிற மாதிரி.

கரண்ட் போக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தார். "மேடம் பாக்கட்டும் சார்," என்றார்.

திரை கறுத்தது. மேலிருந்து கீழே, கோடு கோடாக ஒரு படம் இறங்கியது. ஒரு தட்டில் பழங்கள். வேறொன்றும் இல்லை, வெறும் பழங்கள். ஆனால் அந்த ஆப்பிளின் சிவப்பு ஒரு சிவப்பு இல்லை. ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஆரம்பித்து, நடுவில் வரவர இளகி, வெளிச்சம் விழுந்த இடத்தில் வெள்ளையாகி, எங்கே மாறியது என்று தெரியாமலே மாறியிருந்தது. திராட்சைக்குள்ளே வெளிச்சம் இருந்தது. ஒரு பழத்தின் மேல் தண்ணீர்த் துளி. அந்தத் துளிக்கும் ஒரு நிழல். நான் காலெண்டரில் எத்தனையோ பழம் பார்த்திருக்கிறேன். அதில் மை இருக்கிறது. இதில் மை இல்லை. இதில் இருந்தது எண்கள். டப்பாவுக்கு ஒரு எண், நான்கு லட்சத்து எண்பதாயிரம் டப்பா, ஒரு நொடிக்கு அறுபது தரம் ஸ்டாக். அத்தனையும் கூடி ஒரு தண்ணீர்த் துளியாக நிற்கிறது. அது கீழே வழியாதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

சின்ன கார்டிலும் அதே படத்தை ஒரு தரம் போட்டுக் காட்டினார். ஆப்பிள் மேல் சிவப்புப் புள்ளிகளும் கறுப்புப் புள்ளிகளும் தூவியது போலத் தெரிந்தது. பழம்தான் என்று சொன்னால் பழம். துளி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கறை. பதினாறு நிறத்தால் அவ்வளவுதான் முடியும். அதன்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலாளி பேரத்தை ஆரம்பித்தார்.

"பெரிசையே வெச்சிக்கறேன். ஒம்போதாயிரத்து இருநூறு ஜாஸ்தி. எட்டாயிரம் வாங்கிக்க."

எங்கள் முதலாளி பேரத்தில் புலி. வேறொரு நாளாக இருந்தால் எட்டாயிரத்துக்கே வாங்கியிருப்பார். கடைக்காரர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் சங்கடம்தான். ஆனால் அவருக்கும் ஒரு ஓனர் இருக்கிறார்.

"சார், காலைல கேட்டிருந்தா ஓனர்கிட்ட பேசியிருப்பேன். இப்ப உங்களுக்கு வாணாம்னாலும் இதை நான் திருப்பி எடுத்துக்கினு போக முடியாது. சந்தனம் வெச்ச கார்டை யாருகிட்ட சார் புதுசுன்னு விக்கறது? விலை போட்டதுதான் சார்."

வாங்கியே ஆக வேண்டிய பொருளுக்குப் பேரம் கிடையாது. முதலாளி மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஆயிரத்து இருநூறும்மா. உன் மூணு பொட்டு. பொட்டுக்கு நானூறு."

"சரி மொதலாளி," என்றேன். வேலை போகவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

"மாசம் நூறு புடிச்சிக்கறேன். இனிமே பொட்டு வெளியில மட்டும். தெறந்து வெச்ச எதுக்கும் பொட்டு கெடையாது."

மறுநாளிலிருந்து பிரஸ் ஷாப்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பழத்தட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேஸ்திரி வாசலில் நின்று அவர்களைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். படம் கண்ணால் பார்ப்பதற்குத்தானே, கை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மூடிய பெட்டியின் மேல் நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், இந்த முறை நன்றாகத் தெரிகிற மாதிரி.

எழுநூறில் நூறு போனது வீட்டில் தெரியத்தான் செய்தது. மாதத்தின் கடைசி வாரம் சாப்பாடு இரண்டு வேளையானது. அம்மாவிடம் சீட்டுக் கட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒன்பது மாதம் அப்படிப் போன பிறகு, எங்கள் படங்கள் தெளிவாக இருப்பதாகச் சொல்லி அம்பத்தூர்காரர்கள் மூன்று பெரிய அச்சுகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அன்றைக்கு முதலாளி ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து, "இனிமே புடிக்க மாட்டேன். புடிச்சதையும் திருப்பிக் குடுத்துடறேன்," என்றார். சொன்னபடி அந்தத் தீபாவளிக்கு போனஸோடு முந்நூறு கொடுத்தார். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வாட்ச்மேனிடம் இருநூற்று ஐம்பது கொடுத்தனுப்பினார். பிறகு கம்பெனி கைமாறியது, முதலாளி சென்னைக்கே போய்விட்டார், நானும் வேறு இடத்தில் ஸ்டோர்ஸுக்குப் போனேன். அதற்கப்புறம் ஒரு தரம், கல்யாண வீட்டில், பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் பொட்டுப் பேச்சும் வருமே என்று சும்மா இருந்துவிட்டேன்.

பிடித்தது தொள்ளாயிரம். திரும்பி வந்தது ஐநூற்று ஐம்பது. எனக்கு இன்னும் வர வேண்டியது முந்நூற்று ஐம்பது ரூபாய்.